அத்தியாயம் 3: கணக்கு வகுப்பின் விதிகளும் வீட்டுப்பாடமும்

ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்குள் நுழையும் கணக்கு ஆசிரியரின் முன்னால், பல தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். சிலருக்கு வாய்ப்பாடு தலைகீழ்ப் பாடம். சிலருக்குக் கடன் வாங்கிக் கழிப்பதே தடுமாற்றம். எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே நாற்பது நிமிடப் பீரியட். இந்த நாற்பது நிமிடம் எப்படி நடக்கும், வீட்டுக்கு எவ்வளவு போகும் என்பதை நீங்கள் முதல் வாரத்திலேயே முடிவு செய்யாவிட்டால், வகுப்பு தானாக ஒரு முடிவுக்கு வந்துவிடும். அந்த முடிவு பெரும்பாலும் உங்களுக்குப் பிடிக்காததாகவே இருக்கும்.

தமிழ்நாட்டில் 6, 7, 8 வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கும் பட்டதாரி ஆசிரியரை மனத்தில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. இதன் அடிப்படை இரண்டு வரிதான்: தினமும் கவனிக்க முடியாத விதியைப் போடாதீர்கள். மறுநாள் பார்க்க முடியாத வீட்டுப்பாடத்தைக் கொடுக்காதீர்கள்.

விதிகள் ஆறு போதும்

"ஒழுங்காக இருக்க வேண்டும்", "கவனமாகக் கேட்க வேண்டும்" போன்றவை விதிகள் அல்ல, விருப்பங்கள். பிள்ளை அதைச் செய்தானா இல்லையா என்று ஒரு பார்வையில் சொல்ல முடிந்தால்தான் அது விதி. கணக்கு வகுப்புக்கு இந்த ஆறு போதுமானவை.

1. மணி அடித்த இரண்டு நிமிடத்துக்குள் நோட்டு திறந்திருக்க வேண்டும். பலகையில் இருக்கும் தொடக்கக் கணக்கைப் போடத் தொடங்கியிருக்க வேண்டும்.

2. விடையோடு படிகளும் இருக்க வேண்டும். ஒரு வரிக்கு ஒரு படி. சமக்குறி ஒன்றன்கீழ் ஒன்றாக.

3. தவறை ரப்பரால் அழிக்கக் கூடாது. அதன்மேல் ஒரு கோடு போட்டுவிட்டுக் கீழே சரியாக எழுத வேண்டும்.

4. விடை தெரிந்தவர் கத்தக் கூடாது. கட்டைவிரலை நெஞ்சருகே உயர்த்திக் காட்டினால் போதும்.

5. "எப்படி வந்தது?" என்று யாரும் யாரையும் கேட்கலாம். "இது கூடவா தெரியலை?" என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. ஆசிரியருக்கும் இது பொருந்தும்.

6. சிக்கினால் முதலில் புத்தகத்தின் எடுத்துக்காட்டைப் பார்க்க வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும், அதன்பிறகு ஆசிரியரை.

மூன்றாவது விதிக்குத்தான் முதல் மாதத்தில் எதிர்ப்பு அதிகம் வரும். ஐந்து வருடமாக 'நீட்டாக எழுது' என்றே கேட்டு வளர்ந்த பிள்ளைகள், தவறு தெரிகிற பக்கத்தை அவமானமாகப் பார்ப்பார்கள். ஆனால் அழித்த நோட்டிலிருந்து ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது. ½ + ⅓ என்ற கணக்குக்கு ஒரு பிள்ளை முதலில் ⅖ என்று எழுதியிருந்தால், மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டியிருக்கிறாள் என்று புரிந்துவிடும். அடித்த அந்த ஒரு வரி இல்லாவிட்டால், அவளுக்குப் பின்னத்தின் பகுதி எண் எதைச் சொல்கிறது என்பதே பிடிபடவில்லை என்று அரைப்பரீட்சை வரை உங்களுக்குத் தெரியாமல் போகும்.

நான்காவது விதி, மெதுவாக யோசிப்பவர்களுக்காக. முன்பெஞ்சிலிருந்து விடை ஒருமுறை ஒலித்துவிட்டால் மற்ற முப்பது பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். கட்டைவிரல்கள் பாதி வகுப்பில் எழும்வரை பொறுத்திருங்கள். தெரிந்தவர்களுக்கு அதுவரை ஒரு வேலை: "வேறு வழியில் போட முடியுமா, பார்."

ஜாமெட்ரி பாக்ஸ் பற்றித் தனி விதி தேவையில்லை. அரசு கொடுக்கும் பெட்டியிலும் சில வாரங்களில் காம்பஸ் காணாமல் போகும், கோணமானி உடையும். பழைய பெட்டிகளிலிருந்து சேர்த்த நான்கைந்து கோணமானி, அளவுகோல்களை வகுப்பு அலமாரியில் வைத்துவிடுங்கள். வடிவியல் நாளில் 'கொண்டுவரவில்லை' என்று சொல்லி யாரும் சும்மா உட்கார வழி இருக்காது.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது

ஆறு விதிகளையும் முதல் நாளே பலகையில் எழுதி வாசித்துவிட்டால் மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. நாளுக்கு ஒன்றிரண்டாக, ஒரு கணக்கோடு சேர்த்துப் பழக்குங்கள். தவறை அழிக்கக் கூடாது என்று சொல்லும் நாளில் நீங்களே பலகையில் 0.45 > 0.5 என்று எழுதி, "45 பெரியதுதானே?" என்று கேளுங்கள். யாராவது மறுப்பார்கள். டஸ்டரை எடுக்காமல் அதன்மேல் கோடு போட்டு, கீழே 0.45 < 0.50 என்று எழுதுங்கள். பூஜ்ஜியம் சேர்த்ததால் மதிப்பு மாறியதா என்ற பேச்சு தானாகத் தொடங்கும். அன்றைய பாடமும் அதுதான், விதியும் அதுதான்.

வார இறுதியில் பிள்ளைகளிடம் கேட்டு உங்களுக்கும் மூன்று விதிகள் எழுதிக்கொள்ளுங்கள். பீரியட் மணி அடித்தபின் பாடத்தை நீட்டுவதில்லை. வாங்கிய நோட்டை மறுநாளே திருப்பித் தருவது. வீட்டுப்பாடத்தைத் தண்டனையாகக் கொடுப்பதில்லை. பிள்ளைகளின் ஆறும் உங்கள் மூன்றும் ஒரே சார்ட்டில் இருக்கட்டும்.

தண்டனைக்கு இடமில்லை

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளுக்கு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பிரம்பு மட்டுமல்ல, முட்டி போட வைப்பது, தோப்புக்கரணம், வகுப்புக்கு வெளியே நிறுத்துவது, 'மக்கு' என்று பட்டம் சூட்டுவது எல்லாமே விட வேண்டியவை. எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால், 'ஃபெயில் ஆகிவிடுவாய்' என்ற மிரட்டலும் செல்லாது.

இவற்றுக்குப் பதிலாகப் பலரும் கையில் எடுப்பது இம்போசிஷன். ஒரே கணக்கை இருபத்தைந்து தடவை எழுதி வரச் சொன்னால் பிள்ளை முதல் வரியை இருபத்தைந்து தடவை, பிறகு இரண்டாவது வரியை இருபத்தைந்து தடவை என்று கட்டம் கட்டி நிரப்புவான். கை வலிக்கும், கணக்கு வராது. கணக்கு எழுதுவதே தண்டனை என்று மட்டும் அவன் மனத்தில் பதியும்.

விதியை மீறினால் நடக்க வேண்டியது சின்னதாகவும் அந்த விதியோடு ஒட்டியதாகவும் இருக்கட்டும். விடையைக் கத்தியவர் அந்தக் கணக்கை வேறு வழியில் போட்டு விளக்க வேண்டும். படி எழுதாதவர் அதே கணக்கைப் படிகளோடு ஒருமுறை எழுத வேண்டும். ஒருமுறை போதும்.

வீட்டுப்பாடம் எவ்வளவு?

ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை இதற்கு ஓர் அளவு சொல்கிறது. இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கூடாது. 3 முதல் 5 வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். 6 முதல் 8 வரை நாளுக்கு அதிகபட்சம் 1 மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரம் கணக்குக்கு மட்டும் உரியதல்ல. எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பேரும் தினமும் கொடுத்தால் ஒருவருக்கு 12 நிமிடம். அதில் நோட்டை எடுத்து மார்ஜின் போடுவதற்கே நேரம் போய்விடும். ஆகவே ஜூன் மாதத்திலேயே மற்ற ஆசிரியர்களோடு உட்கார்ந்து வீட்டுப்பாடக் கால அட்டவணை ஒன்று போடுங்கள். கணக்கு வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 20 நிமிடம், வெள்ளிக்கிழமை கிடையாது என்பது ஏழாம் வகுப்புக்கு நியாயமான அளவு.

20 நிமிடத்தில் எத்தனை கணக்கு? நீங்களே போட்டுப் பாருங்கள். படிகளோடு உங்களுக்கு ஆகும் நேரத்தை மூன்றால் பெருக்கினால் நடுத்தரப் பிள்ளைக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய வரும். பெரும்பாலும் ஐந்து கணக்கில் வந்து நிற்கும். 'பயிற்சி 1.2 முழுவதும்' என்று பலகையில் எழுதுவது எளிது. ஆனால் அதற்குள் துணைக் கணக்குகளோடு இருபதுக்கு மேல் இருக்கலாம்.

எந்த ஐந்து?

ஐந்தும் அன்று நடத்திய பாடத்திலிருந்தே வந்தால், பிள்ளை கணக்கைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. 'இன்றைக்குக் கழித்தல், எல்லாம் கழித்தல்தான்' என்று கை தானாக ஓடும். தேர்வில் கணக்குகள் கலந்து வரும்போதுதான் எந்த வழி எதற்கு என்று தெரியாமல் விழிப்பார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டக் ரோரரும் அவருடைய குழுவினரும் 54 ஏழாம் வகுப்புகளில் இதைச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். பல பாடக் கணக்குகளைக் கலந்து பயின்றவர்கள், ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பின்றி வைத்த தேர்வில் சராசரியாக 61 சதவீதம் எடுத்தார்கள். ஒரே வகைக் கணக்குகளை அடுத்தடுத்துப் போட்டுப் பயின்றவர்கள் எடுத்தது 38 சதவீதம்.

ஆகவே ஐந்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்: இன்றைய பாடத்தில் இரண்டு, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்திலோ போன வகுப்பிலோ ஒன்று, 'தவறு எங்கே?' வகையில் ஒன்று. ஏழாம் வகுப்பில் முழுக்கள் நடத்திய நாளுக்கு ஒரு மாதிரி:

1. (−8) + 5
2. (−3) − (−7)
3. செவ்வக வயலின் சுற்றளவு 40 மீ, நீளம் 12 மீ. அகலம் எவ்வளவு?
4. ⅔ + ¼
5. ஒருவர் (−6) − 2 = −4 என்று எழுதியிருக்கிறார். அவர் எப்படி யோசித்திருப்பார்? சரியான விடை என்ன?

ஐந்தாவதுதான் இந்தத் தொகுப்பின் உயிர். ஆறில் இரண்டைக் கழித்து, முன்னால் குறியை ஒட்டிவிட்டார் என்று பிள்ளை தன் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். கைடைப் பார்த்து இதை எழுத முடியாது. எண்கோட்டில் −6இல் நின்று இடப்பக்கம் இரண்டு தாவி −8க்குப் போகிறவள் கழித்தலைப் புரிந்துகொண்டிருக்கிறாள்.

வேகமாக முடிப்பவர்களுக்குக் கூடுதல் எண்ணிக்கை வேண்டாம். பாடநூலின் 'மேற்சிந்தனைக் கணக்குகள்' பகுதியிலிருந்து ஒன்று கொடுங்கள். விருப்பம் இருந்தால் போடலாம். இன்னும் பெருக்கலில் தடுமாறும் பிள்ளைக்கு 3, 4, 5 ஆகியவற்றுக்குப் பதிலாக அவள் நிலைக்கேற்ற இரண்டு கணக்கைத் தனியாக எழுதிக் கொடுங்கள். அதை வகுப்பறிய அறிவிக்காமல், நோட்டில் எழுதிவிடுவது நல்லது.

கணக்குகளைக் கடைசி மணி அடிக்கும்போது அவசரமாக எழுதிப் போடாதீர்கள். பீரியட் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே எழுதி, முதல் கணக்கை வகுப்பிலேயே தொடங்க வையுங்கள். யாருக்குத் தொடக்கமே வரவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

திருத்துவது எப்படி?

நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து கணக்கு, மொத்தம் 200. ஒன்றுக்குப் பத்து வினாடி என்றாலும் 33 நிமிடம். மூன்று வகுப்பு எடுத்தால் நாளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். இது நடக்காது. நடக்காததை நடப்பதுபோல் காட்டத்தான் பக்கம் பக்கமாக டிக் அடித்துக் கையெழுத்து போடுகிறோம். பிள்ளைகள் அதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். நடக்கக்கூடிய முறை இது:

தொடக்கக் கணக்கைப் பிள்ளைகள் போடும் ஐந்து நிமிடத்தில் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வாருங்கள். செய்திருக்கிறார்களா என்பதையும், முன்பே தீர்மானித்த ஒரே ஒரு கணக்கையும் மட்டும் பாருங்கள்.

அதற்குள் வகுப்பு லீடர் பலகையின் ஓரத்தில் 1 முதல் 5 வரை எழுதி வைப்பான். எந்தக் கணக்கு வரவில்லையோ அதற்கு நேரே கை தூக்கியவர்களை நேர்க்கோட்டுக் குறியால் எண்ணுவான். தகவல் செயலாக்கப் பாடத்துக்கும் இது பயிற்சி. அதிகக் கோடு விழுந்த ஒரு கணக்கை மட்டும் வகுப்பில் பேசுங்கள். மற்றவற்றின் விடைகளைப் பலகையில் எழுதிவிடுங்கள், அவரவர் பார்த்துக்கொள்வார்கள்.

தினமும் எட்டு நோட்டை மட்டும் வாங்குங்கள். ஐந்து நாளில் நாற்பதும் முடியும். அந்த எட்டை நிதானமாகப் பாருங்கள். தவறான விடையின் குறுக்கே சிவப்பு மையால் பெருக்கல் குறி போடுவதைவிட, எந்தப் படியில் வழி மாறியதோ அங்கே ஒரு புள்ளி வையுங்கள். ஏன் என்று பிள்ளை கண்டுபிடித்து, கீழே சரிசெய்து காட்ட வேண்டும்.

செய்யாமல் வந்தால்

'வீட்டுப்பாடம் செய்யவில்லை' என்பதற்குப் பின்னால் மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம்: புரியவில்லை, நேரமோ இடமோ இல்லை, மனமில்லை. மூன்றுக்கும் ஒரே திட்டு கொடுத்தால் முதல் இரண்டு வகையினரும் மூன்றாவது வகைக்கு மாறிவிடுவார்கள்.

அன்றைய தேதிக்குக் கீழே காரணத்தை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். "மூணாவது கணக்கு எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை டீச்சர்" என்று எழுதுகிறவளுக்குத் தேவை, பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு நிமிட விளக்கம். "அம்மா நைட் ஷிஃப்ட், தம்பியைப் பார்த்துக்கிட்டேன்" என்று எழுதுகிறவளுக்குத் தேவை, பள்ளியிலேயே அரை மணி நேரம். மாலையில் ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டு வரையிலான பிள்ளைகளுக்காக 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியின் மாலை மையம் உங்கள் பகுதியில் இயங்கினால், அங்கே இருக்கும் தன்னார்வலரோடு பேசிவையுங்கள்.

எந்தக் காரணமானாலும் அன்றைக்கே வகுப்பில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிவிட வேண்டும். மதிய உணவு நேரத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரத்தில் மூன்று முறை செய்யாமல் வந்தால் பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். அதன்பிறகும் தொடர்ந்தால்தான் வீட்டாரிடம்.

பார்த்து எழுதுவதும் டியூஷனும்

காலை வழிபாட்டுக்கு முன் மரத்தடியில் ஒரு நோட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து பார்த்து எழுதுவது எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். பிடித்துத் தண்டிப்பதால் அது நிற்காது. எழுதும் இடம் மாறும், அவ்வளவே. பார்த்து எழுதியதாகத் தோன்றினால் பலகைக்கு அழைத்து அதே கணக்கை எண்களை மாற்றிக் கொடுங்கள். 'சுற்றளவு 40' என்பது '54' ஆகட்டும். போட்டுவிட்டால் நல்லது, நண்பனிடமாவது கற்றிருக்கிறான். போடாவிட்டால் யாரிடம் உதவி கேட்பது என்ற ஆறாவது விதியை நினைவூட்டுங்கள்.

டியூஷனில் வேறு முறை சொல்லிக் கொடுத்திருப்பார்கள். "எங்க டியூஷன் சார் இப்படித்தான் போடச் சொன்னார்" என்றால் உடனே மறுக்காதீர்கள். இரண்டு வழியையும் பலகையில் அருகருகே எழுதி, இரண்டும் ஏன் ஒரே விடைக்கு வருகின்றன என்று வகுப்பையே கேளுங்கள். குறுக்கு வழிக்குக் காரணம் சொல்லத் தெரிந்தவர் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மதிப்பெண்ணோடு சேர்க்கலாமா?

2012-13இல் வந்த முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த நாற்பதுக்குள் வீட்டுப்பாட நோட்டின் சரி, தவறுகளைக் கொண்டுவராதீர்கள். வீட்டில் படித்த அண்ணன் இருக்கும் பிள்ளைக்கும் யாரும் இல்லாத பிள்ளைக்கும் இடையிலான தூரத்தைத்தான் அது அளக்கும். மேலும், தவறுக்கு மதிப்பெண் குறையும் என்று தெரிந்தால் மூன்றாவது விதி அன்றோடு செத்துவிடும். ரப்பர் மறுபடி வெளியே வரும்.

பதிலாக வெள்ளிக்கிழமை தொடக்கக் கணக்கின் இடத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு சிறுதேர்வு வையுங்கள். அதில் மூன்று கணக்கு அந்த வார வீட்டுப்பாடத்திலிருந்து, எண்களை மட்டும் மாற்றி வரட்டும். வீட்டில் முயன்றவருக்கு அது தானாகக் கைகொடுக்கும்.

பெற்றோருக்கு ஒரு துண்டுத்தாள்

முதல் பெற்றோர் கூட்டத்தில் இதைக் கொடுத்து, வாசித்தும் காட்டுங்கள்:

"அன்புள்ள பெற்றோருக்கு, திங்கள் முதல் வியாழன் வரை உங்கள் பிள்ளைக்கு ஐந்து கணக்கு வீட்டுப்பாடம் உண்டு. இருபது நிமிட வேலை. நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 'இந்தக் கணக்கை எப்படிப் போட்டாய்?' என்று கேட்டு, சொல்வதைக் கேட்டுக்கொண்டாலே பெரிய உதவி. அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தும் வராவிட்டால் நிறுத்தச் சொல்லிவிடுங்கள்; எங்கே நின்றது என்று நோட்டில் எழுதி வந்தால் போதும். நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் கோபப்படாதீர்கள், நாங்கள்தான் அப்படி எழுதச் சொல்லியிருக்கிறோம்."

வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் அனுப்பும் பழக்கம் வேண்டாம். பல வீடுகளில் இருக்கும் ஒரே ஃபோன் வேலைக்குப் போனவரின் சட்டைப்பையில் இருக்கும். அவர் வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும்.

ஜூலை முடிவில் சரிபார்க்க

- மணி அடித்த இரண்டு நிமிடத்தில் எத்தனை நோட்டுகள் திறந்திருக்கின்றன?
- கடைசியாக வாங்கிய எட்டு நோட்டுகளில் எத்தனையில் கோடு போட்ட தவறுகள் தெரிகின்றன? ஒன்றிலும் இல்லையென்றால் பிள்ளைகள் இன்னும் பயப்படுகிறார்கள்.
- இந்த மாதம் யாருடைய நோட்டையாவது நீங்கள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லையா? அவர் பெயரைக் குறித்துக்கொண்டு நாளைக்கே பாருங்கள்.
- பலகை ஓரக் கோடுகள் திரும்பத் திரும்ப ஒரே பாடத்தில் விழுகின்றனவா? அப்படியானால் வீட்டுப்பாடத்தைக் கூட்டாதீர்கள். அந்தப் பாடத்தை வேறு வழியில் மறுபடி நடத்துங்கள்.
- ஆறு விதிகளில் எதை நீங்களே கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள்? அதைச் சார்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது திங்கட்கிழமை முதல் மறுபடி பழக்குங்கள்.